தம்பி கொடுத்தது

மக்ரூம் அருகே, கவுண்டி கார்க், அயர்லாந்து
செப்டம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள ஃபின்பாருக்கு,

நீ ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இறங்கி, அங்கிருந்து சுரங்கத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அண்ணன் டெனிஸ் சொன்னார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் மஞ்சள் படம் ஒன்றை அனுப்பினாயாம். இத்தனை வயசான மனுஷன் நாலு வார்த்தை எழுதினால் குறைந்தா போய்விடுவாய்? அதனால்தான் போனை நம்பாமல் பேனாவை எடுத்தேன். கடிதத்துக்குப் பதிலாகக் கட்டைவிரலை அனுப்ப முடியாது பார்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். டெனிஸ் சாப்பிடுகிறார். காலையில் இரண்டு முட்டை, வறுத்த பன்றி இறைச்சித் துண்டுகள், நான் சுட்ட ரொட்டியில் பாதி. பல்லில் சீழ் பிடித்ததற்குக் கொடுத்த மாத்திரைகள் அவர் வயிற்றிலிருந்த நல்ல கிருமிகளையெல்லாம் வழித்துத் துடைத்துவிட்டு, ஒரு பொல்லாத கிருமிக்கு மட்டும் இடம் கொடுத்தது உனக்குத் தெரியும். மருந்து கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். நீ வந்து இறங்கிய அன்று படுக்கையில் கிடந்தது எலும்பும் தோலும்தான். பாதிரியார் கடைசி எண்ணெய் பூசி ஜெபம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். உன் மலத்திலிருந்து எடுத்த நல்ல கிருமிகளை அவர் குடலுக்குள் செலுத்திய அதே வாரத்தில் எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டார். நான் ஆஸ்பத்திரிக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதை உன்னிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை.

ஊரில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. பப்பில் நம் பக்கத்துப் பண்ணை மிக் எல்லோர் முன்னாலும் உன் அண்ணனிடம் சொல்லியிருக்கிறான்: "சின்ன வயசுல தம்பியைப் பாத்து எதைத் தின்னுடான்னு திட்டினியோ, கடைசில அதை உனக்கே குடுத்துட்டானேப்பா." டெனிஸுக்குக் கோபமில்லை, சிரித்தாராம். எனக்குத்தான் காது கூசிற்று.

உன் தங்கை எய்லீன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறாள். தன் ரத்தத்தையும் சோதித்துப் பார்த்திருக்கலாமே, சின்ன அண்ணனுக்கு எதற்கு அவ்வளவு தூரம் அலைச்சல் என்று இன்னும் முணுமுணுக்கிறாள். அவள் வருஷம் பூராவும் ஏதாவது ஒரு மாத்திரை விழுங்குகிறவள் என்பதை யார் போய் அவளிடம் சொல்வது?

ஒரு வேடிக்கை. உன் அண்ணன் இப்போது தேநீரில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்கிறார். கல்யாணமான நாளிலிருந்து சர்க்கரையைத் தொடாதவர். உன் கோப்பையைப் பார்த்து, இது தேநீரா பாகா என்று கேலி செய்தவர். "உன் தம்பி வயிற்றோடு அவன் நாக்கையும் கொடுத்துவிட்டான்" என்று சொல்லிச் சிரித்தேன்.

வெயிலில் தொப்பி போடு. கர்த்தர் உன்னைக் கைவிட மாட்டார், நீ எங்களைக் கைவிடாதது போல.

என்றும் நன்றியுடன்,
உன் அண்ணி நோரீன்


மக்ரூம்
கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம்

அன்புள்ள ஃபின்பார்,

முந்தைய கடிதத்துக்கு உன்னிடமிருந்து வரியில்லை. டெனிஸின் போனில் மட்டும் கட்டைவிரல் வந்தது. ரம் ஊறிய கேக் ஒன்று தனியாக அனுப்பியிருக்கிறேன். சுங்கக்காரர்கள் தின்னாமல் விட்டால் உனக்கு.

இங்கே மழை. மாடுகளை உள்ளே கட்டியாகிவிட்டது. கறவை குறைந்து கொட்டகை அமைதியாக இருக்கிறது. இந்த அமைதிதான் எனக்குப் பிடிக்கவில்லை. உன் அண்ணன் கறக்கும்போது பாடுவார், உனக்குத் தெரியுமே. மாடே வெட்கப்படும்படி பாடுவார். இப்போது பாடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹர்லிங் ஆட்டம் வானொலியில் போய்க்கொண்டிருந்தது, நம் பக்கம் ஜெயிக்கிற நேரம் எழுந்து போய் அணைத்தார். ஏன் என்று கேட்டேன். ரொம்பச் சத்தம் என்றார்.

உடம்பு நன்றாக இருக்கிறது, அதுதான் புரியவில்லை. எடை ஏறிவிட்டது. கன்னத்தில் நிறம் வந்துவிட்டது. சந்தைக்குப் போய்த் திரும்புகிறார், முற்றத்தில் காரை நிறுத்துகிறார், எஞ்சினை அணைக்கிறார், இறங்குவதில்லை. நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் மேல். பார்வை கண்ணாடியில் வழியும் மழையில். உருளைக்கிழங்கு வெந்து, ஆறி, நான் திரும்பச் சூடாக்கும் வரை அப்படியே இருப்பார். உள்ளே வந்ததும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு வாயோடு நின்றுவிடும். அந்தச் சிரிப்பை நான் வேறு யார் முகத்திலோ பார்த்திருக்கிறேன், யாரென்று பிடிபடவில்லை.

நாயும் மாறிவிட்டது என்று சொன்னால் என்னைப் பைத்தியம் என்பாய். முன்பெல்லாம் டெனிஸைக் கண்டால் ஷெப் குதித்துக்கொண்டு ஓடும். இப்போது மெல்லப் போய் அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்கிறது. நீ வந்திருந்தபோது உன்னிடம் மட்டும் அப்படிப் படுத்தது.

கார்க் நகரத்து ஆஸ்பத்திரியில் அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். இவ்வளவு பெரிய நோயிலிருந்து பிழைத்து வந்தவர்களுக்கு மனச்சோர்வு வருவது சகஜம், பயப்படாதீர்கள் என்றார். பிறகு, நான் கேட்காமலே, இன்னொன்றும் சொன்னார். வயிறும் மூளையும் நாள் முழுக்க ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கின்றனவாம். அந்தப் பேச்சில் வயிற்றிலிருக்கும் கிருமிகளுக்கும் பங்கு உண்டாம். மனம் சோர்ந்த மனிதர்களின் குடல் கிருமிகளை எலிகளுக்குள் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள், அந்த எலிகளும் சோர்ந்து போயினவாம். மனிதர்கள் விஷயத்தில் அப்படி அடித்துச் சொல்ல யாராலும் முடியாது என்றார். கதவு வரை வந்து வழியனுப்பும்போது, தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

அவனுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கிறான் என்றேன். வீடு வந்து சேரும் வரை அந்தக் கேள்வி என்னோடே வந்தது.

எய்லீனிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். அண்ணனுக்குள் சின்ன அண்ணன் பேயாகப் புகுந்துவிட்டான் என்று சொல்லவருகிறாயா, உயிரோடிருக்கிறவன் எப்படிப் பேயாவான் என்றாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று சாயங்காலம் டெனிஸ் காரிலிருந்து இறங்கி முற்றத்தைக் கடந்து வரும்போது, தோளை ஒடுக்கிக்கொண்டு, கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நடந்து வந்தது நீ. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். கிட்டே வந்ததும் அவர்தான்.

கிறிஸ்துமஸ் அன்று போன் செய்கிறேன். தயவு செய்து எடு.

அன்புடன்,
நோரீன்


மக்ரூம்
பிப்ரவரி, புனித பிரிஜித் திருநாளுக்கு அடுத்த திங்கள்

ஃபின்பார்,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து படி.

கிறிஸ்துமஸ் அன்று நீ போனை எடுக்கவில்லை. வேலை நேரம் மாறிவிட்டது என்று பிறகு செய்தி அனுப்பினாய். நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது.

போன மாதம் ஒருநாள் டெனிஸ் சந்தையிலிருந்து வந்து வழக்கம்போலக் காரில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஏப்ரனோடு போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். பிறகு அவரே ஆரம்பித்தார். எதிலும் ருசி இல்லையாம். பசிக்கிறது, தின்கிறார், ருசி இல்லை. காரை நிறுத்தியதும் கதவுப் பிடியை இழுக்க வேண்டும் என்று தெரியும், கை போவதில்லை. சோகமும் இல்லை, அழுகையும் இல்லை. யாரோ குடியிருந்துவிட்டுப் போன வீட்டில் விளக்கில்லாமல் நடப்பது போல இருக்கிறது என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நோரீன், இது என்னோடது இல்ல. இதை நான் வெளியிலேர்ந்து பாத்திருக்கேன். அப்பா செத்த வருஷம் ஃபின்பார் டிராக்டர்ல இப்படித்தான் உக்காந்திருந்தான். சோம்பேறிப் பயன்னு கத்தினேன். இந்தத் தடவையும், நான் வீடு திரும்பினப்புறம், வாடகைக் காருக்குள்ள உக்காந்திருந்தான், நீ பாக்கலையா?"

பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒவ்வொரு நாளும் நீ அந்தக் காருக்குள் உட்கார்ந்திருந்ததைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆஸ்திரேலியாவுக்குப் போன் பேசுகிறான், அங்கே ஒரு பெண் இருக்கிறாள் போல என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சிரிப்பு யாருடையது என்பதும் அந்தக் காரில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

நாங்கள் உன்னை எப்படித் தேர்ந்தெடுத்தோம் தெரியுமா? நாங்கள் மாட்டுக்காரர்கள், வேறு எப்படித் தேர்ந்தெடுப்போம்? தீனி எடுக்காமல் ஒரு மாடு படுத்துவிட்டால், நன்றாகத் தின்கிற இன்னொரு மாட்டின் வாயிலிருந்து அசைபோடும் இரையைப் பிடுங்கி, தண்ணீரில் கரைத்து இதற்குப் புகட்டுவோம். டெனிஸ் அப்படி எத்தனையோ மாடுகளைக் காப்பாற்றியிருக்கிறார். எந்த மாட்டிடமிருந்து எடுப்போம்? தோல் பளபளப்பாக இருக்க வேண்டும், ஒழுங்காகத் தின்ன வேண்டும், உதைக்காமல் சாதுவாக நிற்க வேண்டும். சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அந்தக் கணக்கில்தான் பேசினோம். எய்லீன் மாத்திரைக்காரி. எனக்குக் குடல் சரியில்லை. ஃபின்பார் நன்றாகத் தின்பான், எதற்கும் வாய் திறக்க மாட்டான், சாது. எங்களில் யாருக்கும் மாடு ஏன் சாதுவாக நிற்கிறது என்று கேட்டுப் பழக்கமில்லை.

நர்ஸ் கேட்டாள். அது ஒன்றுதான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. டெனிஸின் படுக்கையருகே, நாங்கள் எல்லோரும் சுற்றி நிற்கும்போது, மனசு சோர்ந்து எழுந்திருக்கவே முடியாமல் இருந்ததுண்டா என்று உன்னைக் கேட்டாள். நீ வாயைத் திறந்தாய். அதற்குள் படுக்கையிலிருந்து உன் அண்ணன், "அவனைப் போய்க் கேக்கறீங்களே, எங்க கொட்டகையிலேயே அவன்தான் சாது" என்றார். சாகக் கிடக்கிறவர் கேலி செய்கிறாரே என்று எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். பிறகு இல்லை என்றாய்.

உண்டு என்று சொல்லியிருந்தால் உன்னை வேண்டாம் என்றிருப்பார்கள், வேறு ஆளும் இல்லை, அண்ணன் போயிருப்பார். அதனால்தானே இல்லை என்றாய்? உன்னை யாரும் குற்றம் சொல்லவில்லை, ஃபின்பார். இந்த வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் அவர்களுக்கு இங்கே தேநீர் கிடையாது.

டெனிஸ் வைத்தியம் எடுத்துக்கொள்கிறார். மாத்திரை தருகிறார்கள், வாரம் ஒருமுறை ஒரு பெண்ணிடம் போய்ப் பேசுகிறார். நம் டெனிஸ், முன்பின் தெரியாத பெண்ணிடம், மனசைப் பற்றி. பப்பில் தெரிந்தும் மிக் அதைக் கேலி செய்யவில்லை. ஒருநாள் சாயங்காலம் வந்து, தன் அப்பாவும் இப்படித்தான் இருந்தார் என்று சொல்லிவிட்டுப் போனான். முந்தாநாள் கறக்கும்போது டெனிஸ் அரைப்பாட்டு முணுமுணுத்தார். அவர் தேறுவார். டாக்டரம்மாவும் அப்படித்தான் சொல்கிறார். இதெல்லாம் கிருமியால் வந்ததா, நோயால் வந்ததா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

ஆனால் சனிக்கிழமை காலை உன் அண்ணன் சொன்னதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். கஞ்சிக் கிண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு வந்தது ஒரு கரண்டிதான், நோரீன். அந்த ஒரு கரண்டியோட என்னால எந்திரிச்சு நிக்க முடியல. அவன் அந்தக் குடத்தை இத்தனை வருஷமா ஒத்தையாத் தூக்கிட்டு அலையறானே."

சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அவருடைய அப்பா அடக்கத்தில்கூட. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, மக்ரூமுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடித்துக்கொண்டு வந்தார்.

மாடுகள் கன்று ஈனத் தொடங்கிவிட்டன. பிப்ரவரியில் உன் அண்ணன் இந்த முற்றத்தை விட்டு ஒருநாள் விலகியதில்லை. எங்கள் தேன்நிலவைக்கூட நவம்பருக்குத் தள்ளிவைத்த மனுஷன். இந்தத் தடவை மிக்கும் அவன் மகளும் மாடுகளைப் பார்த்துக்கொள்வார்கள். ஈனும் பருவத்தில் எங்கே போகிறாய் என்று ஊரே கேட்கிறது. தம்பியைப் பார்க்க என்கிறார். வேறு எதுவும் சொல்வதில்லை.

அடுத்த மாதத்துக்குள் வந்துவிடுவார். விமானம் ஏறியதில்லை, அந்த வெயில் ஆகாது, சுரங்கத்துக்குப் போகும் வழி தெரியாது. விமான நிலையத்தில் பெட்டியோடு திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்பார். நீதான் போய் அழைத்து வர வேண்டும். வேறு யாரையும் அனுப்பாதே. இதற்குப் பதில் எழுத வேண்டாம். சாப்பிட வேண்டும், சிரிக்க வேண்டும், நன்றாக இருக்க வேண்டும் என்றெல்லாம் உன்னை நான் கேட்கப்போவதில்லை. அவர் வந்து சேரும் வரைக்கும் இரு, ஃபின்பார். அது போதும்.

உன் அண்ணி,
நோரீன்