செடியே இல்லாத இரண்டு ஏக்கர்

அனுப்புநர்:
வெர்லின் குவோ,
செயலாளர், மேல்காட்டுச் சிறு கஞ்சாப் பயிரிடுவோர் சங்கம்,
பெலிக்கன் குடா, மேற்குக் கரை,
செயின்ட் வின்சென்ட்.

பெறுநர்:
உயர்திரு தலைமை அலுவலர் அவர்கள்,
சிறு பயிரிடுவோர் உரிமப் பிரிவு,
கிங்ஸ்டவுன்.

பொருள்: எனது மலைநிலத்தில் பயிரே இல்லை என்று கூறி உரிமம் மறுத்ததையும், அதே நிலத்தை நிறுவனம் ஒன்றுக்குக் குத்தகைக்கு விட முனைவதையும் எதிர்த்து முறையீடு, மறு ஆய்வு கோருதல்.

பார்வை: தங்கள் மறுப்புக் கடிதம், நாள்: மார்ச் 10.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இருபத்தாறு ஆண்டுகளாகக் கஞ்சா பயிரிட்டு வருகிறேன். இப்படி ஒரு வரியை அரசு அலுவலகத்துக்கு என் கையாலேயே எழுதி அனுப்பும் நாள் வரும் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால், அவர் என் சரக்கை அளவுக்கு மீறிப் புகைத்துவிட்டார் என்று நினைத்திருப்பேன். அந்த நாள் வந்துவிட்டது. புதிய சட்டம் எங்களைப் 'பரம்பரைப் பயிரிடுவோர்' என்று அழைக்கிறது. இதற்கு முன் காவல் துறையினர் எங்களை அழைத்துவந்த பெயர்களை ஒரு மனுவில் எழுத இயலாது. மரியாதை கூடியதற்குச் சங்கத்தின் பத்தொன்பது உறுப்பினர்கள் சார்பிலும் முதற்கண் நன்றி.

2. ஜூன் முப்பதுக்குள் உரிமம் பெறாதவர் மறுநாள் காலையில் மீண்டும் குற்றவாளி ஆகிவிடுவார் என்பதால், சென்ற செப்டம்பரிலேயே பதினான்கு பக்க விண்ணப்பத்தை நிரப்பித் தந்தேன். 'வளாகத்தின் பிரதான வாயில் எத்திசை நோக்கியுள்ளது?' என்று அதில் ஒரு கேள்வி. எங்கள் வளாகம் மலை. படகை விட்டு இறங்கி, ஆற்றுப் பள்ளத்தில் இரண்டரை மணி நேரம் ஏற வேண்டும். 'வானத்தை நோக்கி' என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டீர்கள். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

3. பிப்ரவரி மாதத்தில் ஆய்வாளர் வருவார் என்று கடிதம் வந்தது. நாள் குறிப்பிடவில்லை. பதினெட்டாம் தேதி ஆய்வாளர் திரு. கெல்வின் ஸ்டேபிள்டன் வந்தார். மலைக்குச் சாலை இல்லை. தங்கள் அலுவலகத்துக்குப் படகு இல்லை. ஆகவே காவல் துறையின் நீலப் படகை இரவல் வாங்கி, அதை ஓட்டுவதற்குச் சீருடையில் இரண்டு காவலர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கு நேர்ந்த விபரீதம் முழுவதும் அந்தப் படகில்தான் வந்து இறங்கியது.

4. எங்கள் கரையில் மீன் வந்தால் சங்கு ஊதுவது வழக்கம். நீளமாக ஒரு முறை. அதைக் கேட்டு ஊரே பாத்திரத்தோடு வரும். குறுக்கி மூன்று முறை ஊதினால் காவல் படகு வருகிறது என்று பொருள். இது மலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. இப்போது தங்களுக்கும் தெரிந்துவிட்டதால் இனி மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அன்று குடாவின் முனையில் வலை கட்டிக்கொண்டிருந்த மீனவர் இர்வின் லாம்ப்கின், நீலப் படகைக் கண்டதும் மூன்று முறை ஊதிவிட்டார். பின்னர் சங்கக் கூட்டத்தில் அவரிடம் விளக்கம் கேட்டோம். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "நீலப் படகு வந்துச்சு, ஊதினேன். முப்பது வருசமா அதத்தானே செய்யிறேன்? உள்ள இருக்கிறவன் கையில ஃபைலா விலங்கான்னு நான் நீந்திப் போயா பாக்க முடியும்?" அவருடைய விளக்கம் ஏற்கப்பட்டது.

5. சங்கு கேட்டதும் நாங்கள் யோசிக்கவில்லை. யோசித்தால் பிடிபடுவோம் என்பதுதான் இத்தனை ஆண்டுப் படிப்பினை. தூக்கிக்கொண்டு ஓட வசதியாகப் பாதிச் செடிகளைப் பைகளில்தான் வளர்க்கிறோம். அவற்றைப் பள்ளத்துக்குச் சுமந்தோம். மண்ணில் நின்றவற்றை நானே வெட்டினேன். அறுவடைக்கு மூன்றே வாரம் இருந்த செடிகள் அவை. ஆனாலும் கை நிற்கவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். வெட்டிய இடத்தில் சேம்பு இலைகளைப் பரப்பி, மேலே மண்ணைத் தள்ளி, அடுப்பும் மூட்டிவிட்டோம். ஆய்வாளர் மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தபோது நான் சேப்பங்கிழங்குக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தேன்.

6. பின்வரும் உரையாடலை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் மனுவில் உண்மையை மறைக்கலாகாது.

"கஞ்சாப் பயிர் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்.

அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு சீருடைகளைப் பார்த்தேன். "கஞ்சாவா? அது எப்படி இருக்கும்னே தெரியாது சார். நாங்க சர்ச்சுக்குப் போறவங்க," என்றேன்.

"வெர்லின் குவோங்கிறது நீங்கதானே?"

"வெர்லினா? அவ அப்பவே கனடாவுக்குப் போயிட்டாளே."

ஆய்வாளர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். சுட்ட சீமைப்பலாவும் பொரித்த பாறை மீனும் கொடுத்தோம். நன்றாக இருப்பதாகச் சொன்னார். நேரில் கண்ட சாட்சியாக ஒரு தாளில் என்னிடமே கையெழுத்து வாங்கினார். என் தங்கை பெயரில் போட்டேன். அவர் கீழே இறங்கிய பிறகு, விட்டுச்சென்ற நகலை நிதானமாகப் படித்தால், தலைப்பில் 'உரிமத்துக்கான கள ஆய்வு' என்று இருந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். செய்து பார்த்தது அன்றுதான்.

7. தங்கள் கடிதம் சொல்கிறது: விண்ணப்பதாரர் நாட்டில் இல்லை, நிலத்தில் பயிர் இல்லை, முன்பு பயிர் இருந்ததற்கான அடையாளமும் இல்லை. கடைசி வாக்கியத்தை எங்கள் வேலைக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டோம். ஆனால் கடிதம் அங்கே முடியவில்லை. அது அரசு நிலம். அதில் பயிரிட்டு வருபவருக்கே முன்னுரிமை என்கிறது சட்டம். பயிரிடுபவர் எவருமில்லை என்று முடிவாகிவிட்டதால், ஜூலை முதல் தேதியிலிருந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அதை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கப்போகிறீர்கள். அந்த நிறுவனம் அங்கே என்ன செய்யப்போகிறது என்று விசாரித்தேன். கஞ்சா பயிரிடப்போகிறதாம்.

8. தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தேன். முகப்பில் இருந்த அம்மையார் அன்பானவர். "அந்தக் கம்பெனியில அனுபவமுள்ள ஆளுங்க கேக்குறாங்கம்மா, வேலைக்குப் போட்டுப் பாருங்களேன்," என்றார். என் நிலத்தில் நானே கூலிக்குப் போவதற்குரிய படிவத்தையும் எடுத்துத் தந்தார். முன்பு பயிரிட்டதற்குச் சான்றாகப் பழைய புகைப்படம் ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்டார். "கஞ்சாத் தோட்டத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிற புத்தி இருந்திருந்தா, இத்தன வருசம் பொழச்சிருப்பேனாம்மா?" என்றேன். பையில் பிழைத்த நாற்பது செடிகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கட்டுமா என்றும் கேட்டுப் பார்த்தேன். மறுப்புக் கடிதம் கிடைத்த நாளோடு ஜூன் வரையிலான சலுகை எனக்கு முடிந்துவிட்டது, செடியோடு வந்தால் வாசலிலேயே கைது என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பதை இவ்வளவு இனிமையாக எவரும் எனக்குச் சொன்னதில்லை.

9. சிறு பயிரிடுவோருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு என்கிறது சட்டம். எனக்கு ஒதுக்கப்பட்டவர் திரு. லாரிஸ்டன் கம்ப்ஸ். 2014-இல் காவல் துறை வழக்கறிஞராக இருந்து என்னைச் சிறைக்கு அனுப்பியவரும் அவரே. அவரைக் கண்டதும் எனக்குக் கோபம் வரவில்லை ஐயா, உயிர் வந்தது. அன்று அவர் இதே இரண்டு ஏக்கரை அளந்து வரைபடம் போட்டு, முந்நூற்று நாற்பது செடிகளை எண்ணி, படமெடுத்து, 'இது பல ஆண்டு அனுபவமுள்ள கை' என்று வேளாண் நிபுணர் ஒருவரையே கூண்டில் ஏற்றிச் சொல்லவைத்தார்.

"உங்கள உள்ள தள்ளினது நான்தானேம்மா?" என்று சங்கடப்பட்டார்.

"ஆமா சார். அதே மாதிரி இன்னொரு தடவ நிரூபிச்சுக் குடுங்க, போதும்," என்றேன்.

அந்த வழக்கின் கோப்பை ஒன்பது நாள் தேடினார். பத்தாம் நாள் வெறுங்கையோடு வந்தார். புதிய சட்டத்தின் பெருந்தன்மையால் எங்களைப் போன்றோரின் பழைய தண்டனைகள் அனைத்தும் மன்னிக்கப்பட்டு, கோப்புகளும் நீதிமன்றப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன.

"அப்படியொரு கேஸே இப்ப கிடையாதும்மா. நீங்க எந்தக் குற்றமும் செய்யல."

"செஞ்சேனே சார்."

"சட்டப்படி செய்யல."

அந்த வழக்கைப் பற்றி ஒரு வரி எழுதித் தரவும் தமக்கு அனுமதி இல்லை என்றார். எனக்கு அப்படி எந்தத் தடையும் இல்லாததால் நானே எழுதுகிறேன்.

10. எட்டு மாதம் உள்ளே இருந்தேன். அந்த எட்டு மாதத்துக்குள்தான் என் மகளுக்குத் தலைப்பிரசவம் ஆனது. இரண்டு நாள் வலியில் கிடந்து என்னைக் கேட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை. வெளியே வந்தபோது நிலம் புதராகிக் கிடந்தது, மறுபடி திருத்தினேன். எரிமலை சாம்பலைக் கொட்டிய ஆண்டில் கூடை கூடையாகச் சாம்பலை அள்ளி மறுபடி திருத்தினேன். அடையாளம் எதுவும் இல்லை என்று தாங்கள் எழுதியிருப்பது அந்த நிலத்தைப் பற்றித்தான்.

11. ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, குத்தகை அறிவிப்பை நிறுத்திவைத்து, நாள் குறித்து, மீன்பிடிப் படகில், சீருடை இல்லாமல் மறு ஆய்வுக்கு ஆள் அனுப்ப வேண்டுகிறேன்; இம்முறை நான் கனடாவில் இருக்கமாட்டேன். நான் முன்பு பயிரிட்டதற்குச் சான்று தேவை என்றால், எனக்கு வழங்கிய மன்னிப்பைத் தாங்கள் திரும்பப் பெற்றுக்கொண்டு, என் குற்றத்தை மீண்டும் பதிவேட்டில் ஏற்றி, அந்தத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை எனக்குத் தர ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

12. இது எதுவும் இயலாது, அந்த இரண்டு ஏக்கரில் என்றுமே எதுவும் விளைந்ததில்லை என்பதே அரசின் இறுதி முடிவு என்றால், அதையும் ஏற்கிறேன். அப்படியானால் என் எட்டு மாதத்தை எந்த அலுவலகத்தில், எந்தப் படிவம் நிரப்பித் திரும்பப் பெறலாம் என்பதை மட்டும் எழுத்துமூலம் தெரிவிக்கவும்.

இடம்: பெலிக்கன் குடா
நாள்: ஏப்ரல் 2

இப்படிக்கு,
தங்கள் கருணையால் குற்றமற்றவளாகிவிட்ட,
(ஒப்பம்) வெர்லின் குவோ