வடிக்காத நாலு போத்தல்

ஆசை மச்சாள் ஞானம்மாவுக்கு,

மூன்றாம் மாடியில் இருந்து உம்முடைய அண்ணன் பெண்சாதி எழுதுகிறேன். உமது முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். ஆளுக்கொரு பக்கம் கேட்டார்கள். நீர் செபமாலை சொன்ன குரலைப் பற்றியும், மாதா சுரூபத்துக்குப் பூக்கட்டியதைப் பற்றியும் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். உம்முடைய கரியைப் பற்றி எழுத என்னை விட்டால் யார்? இனிப் பொலிஸ் வந்தாலும் உம்மை எங்கே தேடிப் பிடிக்கிறது?

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கனடாவுக்கு, இந்த மொன்றியலுக்கு வந்த முதல் பனிக்காலம். பிரெஞ்சு எழுத்து வாசிக்கத் தெரியாமல் மெத்ரோ ரயில் மாறி ஏறி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்ய் வரைக்கும் போய், விறைத்துப்போய்த் திரும்பி வந்தேன். உம்முடைய மேசையில் எட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் நீர் சொன்னீர்: "மச்சாளுக்கு எதையும் ரெண்டு தரம் சொல்ல வேணும்."

எட்டில் ஆறு பேர் சிரித்தார்கள். யார் யார் என்று இன்றைக்கும் சொல்வேன். அன்றோடு, உம்மிடம் ஒன்றையும் இரண்டாம் தரம் கேட்பதில்லை என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டேன். அந்த முடிச்சு என்ன செய்தது என்று பிறகு சொல்கிறேன்.

ஆனால் நீர் கெட்டிக்காரி. அதை நான் ஒருநாளும் மறுத்தது கிடையாது.

உம்முடைய மனுசன் மன்னாரில் கசிப்பு என்கிற கள்ளச் சாராயம் குடித்து, கண் தெரியாமல் போய், மூன்றாம் நாள் செத்தவர். அப்படிப்பட்ட நீரே கோட்-டெ-நெய்ஜ் வீட்டுக் குசினியில் சீனியும் ஈஸ்ட்டும் கரைத்து வைத்ததைப் பார்த்து நான் சிலுவை போட்டுக்கொண்டேன். துறைமுகத்துப் பண்டகசாலையில் வேலை செய்யும் உம்முடைய அண்ணை, என் மனுசன், கூட்டாளிமாரோடு சேர்ந்து எவனோ நிலவறையில் காய்ச்சியதைக் குடிக்கத் தொடங்கியிருந்தார். அரசாங்கக் கடைப் போத்தலின் விலை எங்கள் கைக்கு எட்டாது. "குடிக்கிற ஆம்பிளையளை நிப்பாட்ட ஏலாது மச்சாள். குடிக்கிறதை எண்டாலும் நல்லதாய்க் குடிக்கட்டும்" என்றீர்.

காய்ச்சி எடுத்ததின் கெட்ட மணம் போக, முதலில் மூலைக் கடை டெப்பனரில் இறைச்சி சுடும் கரி வாங்கி அதற்குள்ளே ஊற்றிப் பார்த்தீர். மண்ணெண்ணெய் மணத்தது. அந்தக் கரிக்குப் பற்றவைக்கிற எண்ணெய் பூசியிருக்கிறார்கள் என்று உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிறகு நீர் கூட்டித் துடைக்கிற பல்கலைக்கழகத்தில் யாரோ ஒரு வெள்ளைப் பெடிச்சியிடம் கேட்டு அறிந்து, மீன்தொட்டிக்குத் தண்ணீர் சுத்தம் பண்ணும் கரி நல்லது, அதுவும் சிரட்டைக் கரியில் செய்தது இன்னும் நல்லது என்று வந்து நின்றீர்.

வளர்ப்பு மீன் விற்கும் கடைக்கு மூன்று பேரும் போனது நினைவிருக்கிறதா? இவ்வளவு கரிக்கு வீட்டில் எத்தனை மீன் வைத்திருக்கிறீர்கள் என்று கடைக்காரன் கேட்டான். "ஒண்டுதான், ஆனால் பெரிசு" என்று உமக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லி, வாசலில் பையோடு நின்ற அண்ணையைக் கையால் காட்டினீர். அவன் நன்றிக்கு மெர்சி சொல்ல மறந்து சிரித்தான். உம்மோடு சேர்ந்து நானும் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

கரியை அரிசி களைவது போலப் பத்துப் பன்னிரண்டு தண்ணீர் களைவீர். கறுப்பு முழுக்கப் போனபிறகு ஒருதரம் அவிப்பீர். பெட்டி பிரிக்கும்போதே வாய் உடைந்துபோனதென்று பல்கலைக்கழகத்தில் எறிய வைத்திருந்த நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தீர். அடியில் வெள்ளைத் துணியும் கோப்பிக் கடதாசியும் அடைத்து, மேலே கரியை நிரப்பினீர். ஆயிரக்கணக்கான டொலருக்கு விற்கிற சாமானெல்லாம் செய்கிற வேலையை உம்முடைய உடைந்த குழாய் செய்தது.

காய்ச்சி எடுத்ததற்குள் நீர் தண்ணீர் கலந்தபோது ஏமாற்று வேலை என்றுதான் நினைத்தேன். "கடும் சரக்கில கரி பிடியாது. தண்ணி விட்டால்தான் மணத்தை இழுக்கும்" என்றீர். சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும், ஓடக்கூடாது என்பீர். ஒரு போத்தல் நிறைவதற்குள் ஞாயிறு பூசைக்குப் போய் வந்து சமைத்தும் முடித்துவிடலாம். காய்ச்சும்போது முதலில் வருவதை நீர் சிங்க்கில் ஊற்ற, அண்ணைக்கு நெஞ்சு பதறும். அதையும் கரியில் விட்டால் என்ன என்று கேட்டார். "கரி மணத்தைத்தான் எடுக்கும் அண்ணை. நஞ்சை எடுக்காது." அந்த வீட்டில் அதற்குப் பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அந்த முடிச்சு செய்ததை இனிச் சொல்கிறேன்.

ஊரில் சண்டை நின்று, சமாதானம் என்று பாதை திறந்த வருசம். என் மகள் றஜனியின் சம்பந்தக் கதைக்கு மாப்பிள்ளை வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். மாப்பிள்ளையின் தாய்க்கு அரைமனம். எங்கள் வீட்டில் குறை பிடிக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்த மனுசி. சனிக்கிழமை பனி கொட்டி, உம்மோடு வேலை செய்கிறவள் வராததால் நீர் இரண்டு பேரின் வேலையையும் செய்தீர். அங்கிருந்து ரெலிபோன் எடுத்தீர். "மச்சாள், அலுமாரிக்குள்ள நாலு போத்தல் இருக்கு. வடிச்சதுதான். நாளைக்கு முதல் ஒருக்கால் வடிச்சு வையும்."

சாராயம் காய்ச்சி எடுப்பதும் வடிக்கிறது. கஞ்சியை இறுப்பதும் வடிக்கிறது. கோப்பியும் வடிக்கிறது, கரியில் விடுவதும் வடிக்கிறது. வடித்ததை ஏன் திரும்ப வடிக்க வேண்டும்? கரியில் விடச் சொல்கிறீர் என்று விளங்காமல், வேறு போத்தலுக்கு மாற்றச் சொல்கிறீர் என்று நினைத்தேன். ஒரு சொல் கேட்டிருக்கலாம். ரெண்டு தரம் சொல்ல வேணும் என்ற அந்த வார்த்தை காதுக்குள் நின்றது. ஓம் என்று சொல்லி ரெலிபோனை வைத்தேன். நாலு போத்தலையும் அழகான போத்தல்களுக்கு மாற்றித் தட்டத்தில் அடுக்கினேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு வாய் வைத்துவிட்டுக் கிளாஸை மூக்கில் பிடித்தார். "ஆர் காய்ச்சினது? கசிப்பெல்லோ மணக்குது." மற்ற ஆண்களும் மணந்து பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். றஜனியின் முகம் செத்துப் போனது.

நீர் குசினியில் இருந்து வந்தீர். போத்தலை எடுத்து ஒருதரம் மணந்தீர். என்னைப் பார்த்தீர். ஒரு கண் வெட்டுகிற நேரம்தான். "என்ர பிழை. கரி பழசாப் போச்சு, நான் கவனிக்கேல்லை. பிள்ளையின்ர தாய் ஒண்டையும் தொடேல்லை" என்றீர்.

குறை உம்மோடு நின்றதால் சம்பந்தம் சரிவந்தது. உமக்குப் பெயரும் வந்தது. அந்தப் பெரியப்பா வைத்த "கசிப்பு ஞானம்" என்ற பெயர் கோவில் வாசல் வரைக்கும் போனது. உம்முடைய சரக்கைப் போலத் தெளிந்ததை இந்த மொன்றியலில் ஒருவரும் குடித்திருக்க மாட்டார்கள். அதைச் சொல்ல வேண்டிய நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

நீர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் திருப்பி ஏசி அன்றைக்கே கணக்குத் தீர்த்திருப்பேன். அதற்குப் பதிலாக, அந்தக் கிழமையில் இருந்து வடிக்கிறது என்ற சொல்லையே விட்டுவிட்டீர். போத்தல்களில் "காய்ச்சினது", "கரி குடிச்சது" என்று எனக்கு விளங்கும்படி பெரிய எழுத்தில் ஒட்டினீர். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு மனுசி இவ்வளவு நல்லவளாக இருக்கலாமா?

றஜனியின் மூத்த பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நிற்க நீர் ஆசைப்பட்டீர். வெள்ளைச் சட்டை கூடத் தைத்து வைத்திருந்தீர். "மாமி அண்டைக்குச் செய்த வேலைக்குப் பிறகு அவையின்ர ஆக்கள் முன்னால எப்பிடி அம்மா?" என்று றஜனி கேட்டாள். அப்போதும் நான் பேசவில்லை. வேறு ஒருத்தி நின்றாள். நீர் சட்டையைத் தந்துவிட்டு, பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, வேலைக்கு நேரமாகுது என்று போனீர். நீர் கடைசியாய்க் கிடந்த ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை உம்மிடம் சொல்ல வந்தேன். மூன்று முறையும் உமக்குக் கஞ்சிதான் ஊட்டிவிட்டுப் போனேன். உமக்கு எல்லாம் தெரியும் என்றால் நான் சொல்லத் தேவையில்லையா, மச்சாள்?

இங்கே புதினம் என்றால், உம்முடைய அண்ணைக்குக் கண் நல்லாய்த் தெரிகிறது, பத்திரிகை வாசிக்கிறார். றஜனியின் மூத்தது கார்ட்ரி என்கிற பிள்ளைகள் காப்பகத்துக்குப் போய் எங்களோடு பிரெஞ்சில் கதைக்கிறது. போன செவ்வாய்க்கிழமை நான் றஜனியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இன்றைக்கு வரை ரெலிபோன் எடுக்கவில்லை. எடுப்பாளோ தெரியாது. அவளுக்கும் என்னுடைய குணம்தான்.

இந்தப் பக்கம் அச்சில் வந்தாலும் சிலர் வாசிக்க மாட்டார்கள். அதனால் பூசை முடிந்து மண்டபத்தில் எல்லோரும் சாப்பாட்டுக்கு இருக்கும்போது, நானே எழுந்து நின்று இதை வாசிப்பேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், நேரம் எடுக்கும். அந்தப் பெரியப்பா முன்வரிசையில் இருப்பார், றஜனி வந்தால் பின்னுக்கு நிற்பாள். கடைசிச் சொல் வரைக்கும் வாசித்து முடிக்காமல் நான் இருக்க மாட்டேன். இது சத்தியம்.

உமக்குக் கடன்பட்ட,
உம்முடைய அண்ணன் பெண்சாதி,
பிலோமினா மச்சாள்