ஏழு யூனிட்டும் ஒரு டேபிள் ஃபேனும்

பூஜ்ஜியப் பேரரசை ஆண்ட மகாராணியே, என் அருமை அக்கா,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நினைவு நாளன்று சொந்தபந்தங்களுக்குக் கொடுக்க உன் மகள் செல்வி ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறாள். "மாமா, நீங்கதான் நல்லாக் கதை உடுவீங்க. அம்மாவப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றாள். கதை விடத்தான் உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று முன்னால் வந்து நிற்கிறது.

முதலில் வீட்டுச் சேதி. மச்சான் லாரியை விற்றுவிட்டார். ராசிபுரத்து வீட்டில் இப்போது அவர்தான் சமையல். அரிசி முக்கால் பதம் வெந்ததும் அடுப்பை அணைத்து, மூடிமேல் தண்ணீர்ச் சொம்பை வைக்கிறார். மிச்சத்தை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும் என்பது உன் சட்டம். வைத்துவிட்டு, நீ பின்னால் நிற்பதுபோலத் திரும்பிப் பார்க்கிறார்.

உன் சிக்கனத்தை நான் கேலி செய்த அளவுக்கு உலகத்தில் எவனும் எதையும் கேலி செய்திருக்க மாட்டான். உன் கையில் ஒரு வேட்டிக்கு நாலு பிறவி. தலையணை உறையாகி, கரித்துணியாகி, கடைசியில் விளக்குத் திரியாகி ஜோதியில் கலக்கும். தேய்ந்த சோப்புத் துண்டுகளை ஒட்டி நீ செய்த உருண்டையை, "பதினாலு லோகத்துக்கும் போர் போட்டவன் நான், இந்த உறுதி எந்தப் பாறையிலும் இல்லை" என்று கல்யாணப் பந்தியில் எழுந்து நின்று அறிவித்தேன். நீயும் சிரித்தாய். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு ஊர் ஊராய்ப் போய்ச் சம்பாதித்து, அதைவிட வேகமாய்த் தீர்த்தவன் நான். உன் வீடு எனக்கு இலவச சர்க்கஸ்.

அந்த சர்க்கஸின் உச்சம் கரண்ட் பில். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் வரை காசில்லை என்று ஆன நாளிலிருந்து நீ நூறைத் தாண்டியதே இல்லை. ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்றாய். பொழுது சாயும் வரை செல்வி வாசலில் உட்கார்ந்துதான் படிப்பாள். மீட்டர் ரீடிங் எடுக்கும் நாள் நெருங்கினால் மின்மினிப் பூச்சிகூட விளக்கை அணைத்துவிட்டுத்தான் உன் வீட்டுக்குள் வரும். குஜராத்திலிருந்து மச்சான் போன் போடுவார். "இந்தத் தடவையும் முட்டையா?" "நாமக்கல் கோழியே தோத்துப்போச்சுங்க" என்பாய். அப்புறம் ரீடிங் எழுதிய கார்டை மீட்டர் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை முந்தானையால் ஒரு துடை துடைப்பாய். அந்தத் துடைப்பில் இருந்த பெருமையை எந்தப் பட்டாபிஷேகத்திலும் பார்க்க முடியாது.

உனக்கென்று நீ எடுத்துக்கொண்டது மத்தியானத்தில் ஒரு அரை மணி நேரம். தரையில் ஒரு துண்டு, தலைமாட்டில் டேபிள் ஃபேன், குட்டித் தூக்கம்.

அந்தச் சித்திரையில் நான் லீவில் வந்திருந்தேன். மறுநாள் ரீடிங். தொண்ணூற்றாறு ஓடியிருந்தது. நீ தெருப் பெண்கள் நாலு பேரோடு சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் புறப்பட்டாய், மிளகாயை மூட்டையாய் வாங்கிப் பங்கு பிரித்துக்கொள்ள. "ஏன்டா சாமி, வெளிய போனா லைட்ட நிறுத்திப்போட்டுப் போ" என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்தச் சொல் எனக்குள் தூங்கிய பிசாசை உலுக்கி எழுப்பியது.

இஸ்திரிப்பெட்டியை எடுத்தேன். சட்டை, பாவாடை, துண்டு, செல்வியின் ரிப்பன், கரித்துணி, கடைசியில் வாசல் கால்மிதி வரை தேய்த்தேன். அண்டாத் தண்ணீரில் வாட்டர் ஹீட்டரைப் போட்டேன். அந்த வெந்நீரில் ஐராவதத்தையே அவித்திருக்கலாம். மீட்டர் நூறைத் தாண்டியபோது தனியாக நின்று கைதட்டினேன். பிறகு வெந்நீரைக் கொட்டி, தேய்த்த துணிகளையெல்லாம் கசக்கிக் கொடியில் போட்டுத் தடயத்தை அழித்தேன்.

காலையில் ரீடிங் எடுக்க வந்தவர் கார்டில் நூற்று மூன்று என்று எழுதினார். கட்ட வேண்டியது என்னவோ சில்லறைதான். நீ கத்துவாய், நான் உண்மையைச் சொல்வேன், இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம் என்பது என் திட்டம். நீ கத்தவில்லை. கார்டையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"அந்த ஃபேன்தான் சாமி. நாந்தான் போட்டுட்டு ரொம்ப அசந்துட்டனாட்ட இருக்குது."

"உடுக்கா, ஒரு தடவதான?"

"உனக்கென்னடா, லேசாச் சொல்லிப்போடுவ. அந்த மனுசன் அங்க வெய்யில்ல ஸ்டேரிங்கப் புடிச்சுட்டுக் கெடக்கறாரு. எனக்கு இங்க காத்து கேக்குது."

அன்றைக்கே ஃபேனைப் பழைய சேலையில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினாய். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். உண்மை நாக்கு நுனிவரை வந்தது அக்கா. சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் ரிக்கிலிருந்து கூப்பிட்டார்கள், போய்விட்டேன். அடுத்த தடவை வந்தபோது, இத்தனை மாதம் கழித்து எப்படிச் சொல்வது என்று வெட்கம். அதற்கடுத்த தடவை, பயம். ஏழு சித்திரை போயிற்று. ஒவ்வொன்றிலும் நீ முந்தானையால் விசிறிக்கொண்டு கிடந்ததைப் பார்த்துக்கொண்டே, "மகாராணிக்குச் சாமரம் வீச ஆளில்லையா?" என்று கேலி செய்தேன்.

சேலத்து ஆஸ்பத்திரியில் கடைசி வாரம். "பக்கத்துக் கட்டிலு காலியாத்தான கெடக்குது, அந்த ஃபேன நிறுத்திப்போடு சாமி" என்றாய். எழுந்து போய் நிறுத்தினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஆஸ்பத்திரிக்கும் முட்டை வாங்கிக் குடுக்கப் போறயாக்கா?" என்றுதான் வாயில் வந்தது. நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை மன்னிப்பாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கேட்காமலே எடுத்துக்கொண்டால் அது மன்னிப்பாகுமா?

போன மாதம் செல்வி பரணைச் சுத்தம் செய்தாள். எலக்ட்ரீசியன் எண்ணெய் விட்டதும் ஃபேன் ஜம்மென்று ஓடியது. "நல்லாத்தானுங்க மாமா இருக்குது, அம்மா ஏன் கட்டி வெச்சாங்க?" என்று கேட்டாள். "ரிப்பேருன்னு நெனச்சிருப்பா" என்றேன். உன் பெண்ணிடமும் ஒரு பொய்.

அந்த எலக்ட்ரீசியனைத் தனியாகக் கேட்டேன்: தினம் அரை மணி ஓடினால் எவ்வளவு ஆகும்? "மாசம் முழுக்க ஓட்டுனாலும் ஒரு யூனிட் வராதுங்க" என்றார். நான் மிகைப்படுத்திப் பேசுகிறவன்தான், ஆனால் இது அவர் போட்ட கணக்கு. ஒரு மத்தியானத்தில் நான் எரித்த ஏழு யூனிட்டில் நீ முக்கால் வருஷம் தூங்கியிருக்கலாம்.

இன்னொன்றும் என்னைக் குடைகிறது. எல்லாத் துணியையும் கசக்கினேன், கால்மிதியை மட்டும் மறந்துவிட்டேன். மடிப்புக் கலையாமல் வாசலில் கிடந்த அதை மிதித்துத்தானே மிளகாய்ப் பையோடு உள்ளே வந்தாய்? குனிந்து பார்த்தாயா அக்கா? தெரிந்துதான் பழியை ஃபேன்மேல் போட்டாயா?

செல்வி, இதை நீ அச்சுக்கு அனுப்பும்முன் படித்திருப்பாய். ஒரு வரியையும் வெட்டாதே, சாமி. திட்டுவதற்கு நேரில் வா.

ஃபேனை என் வீட்டுக்கு வாங்கி வந்துவிட்டேன், அக்கா. மத்தியானம் அரை மணி நேரம் அது ஓடுகிறது. மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டேன், ஃப்ரிட்ஜைக்கூட விற்றாயிற்று, என் மனைவி என்னோடு பேசுவதில்லை. இந்தத் தடவை நூற்றுப் பதினேழு. உன் வித்தை லேசில் வராது போலிருக்கிறது. ஆனாலும் விடமாட்டேன். அந்த ஃபேன் ஓட ஓடவே ஒரு பூஜ்ஜியம் வாங்கி, அது குற்றமற்றது என்று நிரூபித்து, கார்டை உன் படத்துக்கு முன்னால் வைப்பேன். இது சத்தியம்.

இஸ்திரிப்பெட்டியைத் தொடாமல் கசங்கிய சட்டையோடே திரியும்,
உன் கூடப்பிறந்த தம்பி