ஆறாவது ஆள்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உன் தலைக்கு நேராகத்தானே அலுவலக மின்விசிறி சுற்றுகிறது.

எங்கள் தெருத் தையல்காரரை முந்தாநாள் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. பொது இடத்தில் ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாதாம். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், சீருடை வாங்க அவர் கடை வாசலில் ஆறு பேர் நின்றோம். ஆறாவது ஆள் நான். "நீங்க வீட்டுக்குப் போங்கம்மா" என்று எங்களை அனுப்பிவிட்டு, கூட்டத்துக்குத் தலைவர் என்று அவரை வண்டியில் ஏற்றினார்கள். கையில் பாதி தைத்த கால்சட்டை.

உத்தரவை மாவட்டம் முழுக்க ஒட்டியிருக்கிறார்கள். அடியில் உன் கையெழுத்து. என்னடா இது?

அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. ஒரு நாளைக்கு எண்பது தாள் வரும். கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரிகிற மாதிரி மடித்து அடுக்கிவைப்பார் எங்கள் எழுத்தர். போட்டுக்கொண்டே போவேன். எதை என்று படிப்பது? முடிவெடுப்பவர்கள் மேலே இருக்கிறார்கள். நான் நடுவில் மாட்டிக்கொண்ட ஆள். அமைதி இருந்தால்தானே எல்லாரும் சுதந்திரமாக இருக்கலாம்? கொஞ்சம் பொறு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி

ஜூன் 13

தம்பி,

பொறுப்பதாவது! உள்ளே கிடப்பது நீயா, நானா?

மேலே மேலே என்கிறாயே, மேலே இருப்பவரைக் கேட்டால் 'கீழேயிருந்து வந்தது, அனுப்பினேன்' என்பார். அப்படியானால் தையல்காரரை யார்தான் உள்ளே வைத்தது? அரசாங்கம் என்ன வானத்திலிருந்து குதித்ததா? பல் தேய்த்து, சட்டை மாட்டி, பத்து மணிக்கு வேலைக்குப் போகிற உன்னைப் போன்ற நாலு பேர்தானே அது? துணி வாங்க நிற்பதற்குக்கூட உன் அனுமதி வேண்டுமென்றால், அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்து எனக்குக் காது குத்தாதே.

அவர் மனைவி என் சமையலறையில் உட்கார்ந்து, "உங்க தம்பி நல்லவருதானேக்கா? சொன்னா கேப்பாருல்ல?" என்கிறாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

படிக்காமல் கையெழுத்திட்டதாக நீ எழுதிக் கொடுத்தால் உத்தரவே செல்லாது என்கிறார், அவருக்காக நான் போய்ப் பார்த்த வழக்கறிஞர். எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடு. இதையாவது படித்துவிட்டுப் போட்டுத் தொலை.

அக்கா

ஜூன் 27

அக்காவுக்கு,

நீ அனுப்பிய தாளில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. 'படிக்காமல்' என்று இருக்கிறது. மற்ற தாள்கள் அப்படித்தான். இந்த உத்தரவை மட்டும் பிரித்துப் படித்தேன். 'நேரில் விசாரித்து அறிந்ததில்' என்று ஆரம்பிக்கிறது. நான் யாரையும் விசாரிக்கவில்லை. எழுத்தரைப் பார்த்தேன். "ஐயா, மணி அஞ்சாச்சு" என்றார். போட்டுவிட்டேன். உன்னிடம் சொன்னது பொய்.

பொய்யென்று தெரிந்தே போட்டதாக, என் கைப்பட எழுதி, நேற்று உன் வழக்கறிஞரிடம் கொடுத்தேன். தையல்காரரை இந்த வாரம் விட்டுவிடுவார்களாம். எனக்கு வேலை போகும், வழக்கும் வருமாம். பயமாக இருக்கிறது அக்கா. திட்டியாவது எழுது.

தம்பி

ஜூலை 3

தம்பி,

தையல்காரர் நேற்று வந்துவிட்டார். கடை வரைக்கும் போனார், பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். இன்றும் திறக்கவில்லை.

படித்துவிட்டுப் போட்டாயாமே! படிக்காமல் போட்டாய் என்று நினைத்தே உன்மேல் அவ்வளவு ஆத்திரப்பட்டேன். இப்போது திட்டக்கூட வாய் வரவில்லை.

திங்கட்கிழமை உன் விசாரணை என்றார்கள். முதல் பேருந்தில் வருகிறேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அதற்கு எத்தனை நாளாகுமோ தெரியாது. நீ அங்கே தனியாக நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

அக்கா