வெட்டி வெட்டி இழுத்த கார்

நேற்று தெஹியோவிட்டவில் பஸ்ஸுக்கு நின்றபோது அந்த வாசம் வந்தது. பெற்றோலும் சவர்க்காரத் தூளும் கலந்த வாசம். கராஜில் வேலை செய்கிறவர்கள் எவ்வளவு கழுவினாலும் அது கையை விட்டுப் போகாது. உங்கள் கையிலும் இருந்ததுதான். திரும்பிப் பார்த்தால் கராஜ் நானா நிற்கிறார். தோட்டத்து முதலாளி மாத்தயாவின் கறுப்புக் காரை உங்களோடு சேர்ந்து கழற்றிப் பூட்டிய அதே அவிசாவளை நானா. தாடி முழுக்க வெளுத்துவிட்டது.

"தங்கச்சி, சொகமா ஈக்கிறீங்களா?" என்று கேட்டார். பிறகு கிட்டே வந்தார். "கேக்கப்படாதுதான். அண்டைக்கி நான் ஒங்ககிட்ட சொன்னத அவருக்குச் சொன்னீங்கதானே?"

"சொன்னேன் நானா. அவருதான் கேக்கல."

"என்ன செய்ய. எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்" என்றார். என் பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டேன்.

நானாவிடம் சொன்னது பொய். அவர் சொன்னதை நான் உங்களிடம் சொல்லவேயில்லை. நீங்கள் கண்ணை மூடி மூன்று வருடமாகிறது. மூன்று வருடமாக யார் கேட்டாலும் நீங்கள் கேட்கவில்லை, நீங்கள் பிடிவாதம் பிடித்தீர்கள் என்றே சொல்லிவருகிறேன். உங்களால் திருப்பிச் சொல்ல முடியாதென்ற தைரியம்தான். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி எங்கே அனுப்புவதென்று தெரியவில்லை.

இரத்தினபுரி மாணிக்கக்கல் மாத்தயா நம் தோட்டத்தை வாங்கியபோது நீங்கள் ரப்பர் ஷீட் ஏற்றுகிற லொறி ஓடிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் ஓட்டத்தைப் பார்த்துத் தன் சொந்த ட்ரைவராக எடுத்துக்கொண்டார். லயத்து ஒற்றை அறையை விட்டுப் பங்களாவுக்குக் கீழே ட்ரைவர் குவார்ட்டர்ஸுக்கு வந்தோம். இரண்டு அறை, வாசலிலேயே தண்ணீர் பைப். முதல் நாள் அந்தப் பைப்பை நீங்கள் திறந்து திறந்து மூடினீர்கள். "இந்தா புள்ள, இனி வரிசையில நிக்க வேணாம்" என்றீர்கள்.

அப்புறம்தான் அந்தக் கறுப்புக் கார் வந்தது. இரண்டே கதவு. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை, அவ்வளவு புதுசு. கால் பட்டாலே பாயும் என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். வெள்ளைச் சட்டையும் கறுப்புச் சப்பாத்தும் போட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்று மாத்தயா சொல்லிவிட்டார். லொறியை வாழ்நாளெல்லாம் வெறுங்காலோடு ஓடின ஆள் நீங்கள். சப்பாத்தோடு லயத்துப் பக்கம் போனபோது கங்காணி விட்டாரா?

"என்னா ட்ரைவரே, கல்யாண வீடா, கச்சேரியா?"

"ஒனக்கென்னா தெரியும்? சப்பாத்து இல்லாதவன இந்தக் காரு ஏத்தாது. ஒன்னையெல்லாம் பக்கத்துல நிக்கவே வுடாது."

அந்தச் சிரிப்பு இரண்டு மாதம்தான். தெரணியகலை ஏற்றத்தில் கார் வெட்டி வெட்டி இழுக்கிறது என்று ஒரு நாள் வந்து சொன்னீர்கள். மெதுவாகக் கொடுத்தால் ஒன்றுமில்லை, பிறகு ஒரேயடியாகப் பாய்கிறது, காலை எடுத்தால் முகத்தில் அறைந்த மாதிரி நிற்கிறது. மாத்தயாவின் கையிலிருந்த ஃபோன் கீழே விழுந்துவிட்டதாம். "மொகத மே, ட்ரைவர்?" என்று கேட்டாராம். என்ன இது என்ற அந்த ஒரு கேள்வியை வீட்டுக்கு வந்து பத்துத் தடவை சொன்னீர்கள்.

காரைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே கம்ப்யூட்டரில் பூட்டிப் பார்த்து, ஒரு குற்றமும் இல்லை என்று கடதாசி கொடுத்துவிட்டார்கள். "வாகனத்துல குத்தம் இல்லன்னா வேற எதுல குத்தம்?" என்று மாத்தயா சிரித்துக்கொண்டே கேட்டாராம். அந்தச் சிரிப்பு உங்களைச் சாப்பிட விடவில்லை. காரில் இல்லையென்றால் ட்ரைவரில். ட்ரைவரில் என்றால் வண்டியை விட்டு இறங்க வேண்டும், திரும்பவும் லயத்துக்குப் போக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் ருவான்வெல்லையிலிருந்து நம் மகளைப் பார்க்க வந்திருந்தார்கள். ட்ரைவர் வீட்டுப் பிள்ளை என்றுதான் அந்தச் சம்பந்தமே வந்தது என்று நான் நினைத்திருந்தேன்.

மாத்தயா இரண்டு கிழமை வெளிநாடு போனார். வருவதற்குள் குற்றத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டுமென்று நானாவைக் கூட்டி வந்தீர்கள். நானா ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொடுவார். "ரெண்டச் சேத்து மாத்தினா எது சொகப்படுத்திச்சுன்னு தெரியாது" என்பார். முதலில் பெற்றோல். மண்ணெண்ணெயோ தண்ணீரோ கலந்திருக்கிறதா என்று போத்தலில் பிடித்து, தெளியட்டும் என்று நீங்கள் என் குசினித் திட்டில் வைத்துவிட்டீர்கள்.

"அடுப்புப் பக்கத்துல பெற்றோலா? காரோட சேத்து என்னையும் கொளுத்தப் போறீங்களா?" என்று கத்தினேன்.

"ஒன்னைக் கொளுத்துனா அப்புறம் யாரு எனக்குப் பிளேன்டீ ஊத்துறது?" என்றீர்கள். நானா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

பெற்றோல் சுத்தமாக இருந்தது. பிறகு பிளக்கைக் கழற்றினீர்கள். பிறகு ஃபில்டர். பிறகு காற்று போகிற ரப்பர் குழாயை எலி கடித்திருக்குமோ என்று என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னீர்கள். "ரப்பரைப் பத்தி இவளுக்குத் தெரியாததா?" என்று நானாவிடம் பெருமையாகச் சொன்னீர்கள். தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

அப்புறம் என்னைக் காரில் ஏற்றினீர்கள். ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த சீலை என்று சீட்டில் சாக்கு விரித்து உட்காரவைத்தீர்கள். டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்து, "எந்த இடத்துல சிந்துதுன்னு பாத்துச் சொல்லு" என்றீர்கள். பாலத்தைத் தாண்டுவதற்குள் பாதித் தண்ணீர் என் மடியில். "பழைய லொறியே தேவல" என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கு வந்த கோபத்தில் திரும்பி வரும் வரை பேசவில்லை.

வந்ததும் நானா சாவியை வாங்கிக்கொண்டார். நீங்கள் டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்து போனீர்கள். நான் ஈரச் சீலையோடு வாசலில் நின்றேன். கார் திரும்பி வந்தபோது டம்ளர் போன மாதிரியே நிறைந்திருந்தது.

"இப்ப வண்டி ஆறிப்போச்சு நானா. சூட்டுலதான் அது வெட்டுது" என்றீர்கள். நானா சாவியை நீட்டினார். திரும்ப உங்களை ஓட்டச் சொல்லி, தான் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்துகொண்டு போனார். காருக்குள் ஏதோ சத்தத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் பார்த்தது உங்கள் வலது காலை.

நீங்கள் கை கழுவப் பைப்புக்குப் போனபோது நானா குசினி வாசலுக்கு வந்தார். பிளேன்டீக் கோப்பையைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை.

"தங்கச்சி, கார்ல ஒண்டும் இல்ல. அவர்ட காலுல ஈக்கிது. அந்தக் கால் போய்ப் பெடலத் தேடுது. பட்டிச்சா படல்லயான்னு அவருக்கே விளங்குதில்ல. படல்லன்னு நெனச்சி மிதிக்கிறார், வண்டி பாயிது. லொறிப் பெடல் கனம், அதுல தெரிஞ்சிருக்காது. எங்க வாப்பாக்கும் இப்பிடித்தான் கால் மரத்துப்போச்சு. சீனி வருத்தம், சக்கர வியாதி. நான் சொன்னா ரோசப்படுவார். நீங்க பக்குவமாச் சொல்லி, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"சரி நானா" என்றேன்.

அன்று பின்னேரம் நீங்கள் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தபோது நானே சப்பாத்தைக் கழற்றினேன். மேஸ் காலுறை கழன்று வரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் கொட்டை வெடிக்கிற காலம் அது. வெடித்த கொட்டையின் ஓடு ஒன்று சப்பாத்துக்குள் விழுந்து, பெருவிரலுக்குக் கீழே சதைக்குள் நின்றது. இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. காலையிலிருந்து அதன் மேல்தான் மிதித்திருக்கிறீர்கள். நான் அந்த ஓட்டுத் துண்டைப் பிடுங்கினேன். நீங்கள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"என்னா புள்ள பண்ற?"

"ஒண்ணுமில்லீங்க. காலு அழுக்கா இருக்கு."

மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வைத்துக் கட்டினேன். காயத்தை நீங்கள் பார்த்ததும் சிரித்தீர்கள். "புதுச் சப்பாத்துல, காலு மரத்துப்போச்சு" என்றீர்கள். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தால் பங்களாவுக்குத் தெரியும். கால் உணராத ஆளிடம் யார் சாவி கொடுப்பார்கள்? தையில் கல்யாணம் என்று பேசியிருந்தோம். தை வரைக்கும் போகட்டும், தாலி ஏறட்டும், பிறகு நானே கூட்டிப் போகிறேன் என்று நினைத்தேன். ஐந்து மாதம்தானே என்று நினைத்தேன். "ஆமாங்க, சப்பாத்துதான்" என்று உங்களுக்குச் சொன்னேன்.

மாத்தயா வந்ததும் நானா உங்களுக்காகப் பேசினார். புது வாகனம், பெடல் மெல்லிசு, பழக நாளெடுக்கும் என்றார். நீங்கள் எறும்பு ஊர்கிற மாதிரி ஓடினீர்கள். நான் தினமும் கட்டு மாற்றினேன். காயம் மேலே மூடும், உள்ளே ஊறும். கார்த்திகையில் விரல் நீலமானது. மார்கழியில் காய்ச்சல் வந்து பிதற்றின பிறகுதான் கூட்டிப் போனேன். பெரிய டொக்டர் என்னைப் பார்த்து, "இவ்வளவு நாள் வீட்டுல யாரும் பாக்கலையா?" என்று கேட்டார். "இவரு காட்டலைங்க" என்றேன். நீங்கள் காய்ச்சலில் கிடந்தீர்கள். உங்களுக்கு அது கேட்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தையில் கல்யாணம் நடந்தது. கதிரையில் உட்காரவைத்து, மடியில் துவாயை விரித்து மூடி, உங்களைப் பந்தலுக்குத் தூக்கி வந்தார்கள். சம்பந்தி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் பின்னால் நின்று கேட்டேன். "மச்சான், ட்ரைவர் வேலை போச்சேன்னு மனசு வுடாதீங்க. நாங்க பொண்ணப் பாத்துத்தான் வந்தோம். நீங்க பால் வெட்டுனாலும் வந்திருப்போம்." நீங்கள் அழுதீர்கள். சந்தோஷத்தில் அழுகிறீர்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பிறகு லயத்துக்கே திரும்பி வந்தோம். எடுத்த இடமும் ஆறவில்லை, சீழ் மேலே ஏறியது. கட்டிலில் கிடந்துகொண்டு அந்தக் காரையே நினைத்தீர்கள். பெற்றோல் பம்ப்பா இருக்குமோ, வயர் எங்காவது தேய்ந்திருக்குமோ என்று கேட்பீர்கள். இல்லாத காலால் பெடலை மிதிப்பீர்கள். போர்வைக்குக் கீழே தொடை இறுகி இறுகி விடுவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உங்களுக்குப் பதிலாக வந்த சிங்களத் தம்பி ஒரு நாள் பழத்தோடு பார்க்க வந்தார். கார் எப்படி என்று வாசலிலேயே கேட்டேன். பட்டு மாதிரி ஓடுகிறது அக்கா என்றார். அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். நல்ல பிள்ளை. உள்ளே போய் உங்களிடம், "இன்னும் கரச்சல்தான் அண்ணே. யாருக்கும் பிடிபடுதில்ல" என்றார். உங்கள் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். சாவியைக் கொடுத்த நாளிலிருந்து அப்படி ஒரு தெளிச்சல் உங்கள் முகத்தில் வரவில்லை. "நான் சொல்லல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்.

பங்குனியில், நீங்கள் போவதற்கு இரண்டு நாளுக்கு முன்னால், கஞ்சி ஊட்டும்போது திரும்பவும் கேட்டீர்கள். "எல்லாத்தையும் கழட்டிப் பாத்தேன் புள்ள. என்னா குத்தம்னு மட்டும் தெரியாமப் போகப் போறேன். ஒனக்கு என்னா தோணுது? காருதானே?"

"காருதாங்க" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு வாயைத் திறந்தீர்கள். கஞ்சியை ஊட்டினேன்.

காரில் ஒரு குற்றமும் இல்லை. உங்கள் ஓட்டத்திலும் குற்றமில்லை. கால் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நாளைக்கே என்று நானா சொன்னார். அந்த நாளைக்குக் கூட்டிப் போயிருந்தால் விரலோடு போயிருக்கும்.

மகளுக்கு இப்போது ஒரு பையன். அவன் அடம்பிடித்தால், "அப்பிடியே ஒங்க தாத்தா. அவரும் சொன்னா கேக்காமத்தான் காலை வுட்டாரு" என்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டுகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அவளிடமாவது சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.