யானைப்பாகன் மகளும் கலங்கிய பீலியும்

அன்றைக்குப் பீலியடியில், மலைத் தண்ணீர் குழாய் வழியாக விழுகிற இடத்தில், இருந்தவர்கள் ஆறு பேர். யாரையும் விடாமல் எழுதுகிறேன். நீ. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், உன் பக்கத்துக் காம்பராக்காரி நான். எதிர்க் காம்பரா இராமாயி. நிறைமாதமாய் இருந்த அவள் மருமகள் சாந்தி. மழையால் மலையில் வேலை இல்லை என்று சொல்ல வந்த கங்காணி வேலு. பல்லேகல தையல் தொழிற்சாலையிலிருந்து லீவில் வந்து, எனக்காகத் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு நின்ற என் மகன் செல்வராசு.

இன்று காலை இங்கே, இப்போது இருக்கிற வீட்டில், குழாயைத் திறந்தேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. வாளியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன், செருப்புக்கூடப் போடவில்லை. செல்வராசு பின்னாலேயே வந்தான். "அம்மா, மேல ரோட்டுல பைப் வெட்டியிருக்காங்க. ரெண்டு நிமிஷத்துல தெளிஞ்சிரும்." தெளிந்துவிட்டது. எனக்குத்தான் இன்னும் தெளியவில்லை. இந்த வீடு சமதரையில் இருக்கிறது, பின்னால் மலை கிடையாது. அது என் காலுக்குத் தெரிகிறது, நெஞ்சுக்குத் தெரியவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்து என்னுடையது. பரவாயில்லை, உனக்குத்தானே எழுதுகிறேன்.

அட்டை போன அந்தத் தடித்த புத்தகத்தைக் கண்டி டவுனில் பழைய புத்தகக் கடையில் எடுத்து, கலஹா பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். ராசா காலத்துக் கதை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணியைக் காயப்போட்டுவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து நீ வாசிப்பாய், நாங்கள் கேட்போம். கதையில் ஒரு யானைப்பாகன் மகள். அவளுக்குப் பயந்த சுபாவம். பயப்படப் பயப்பட ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பாள். அவளை விரும்புகிறவன் பட்டத்து இளவரசன். நல்ல உயரம், நல்ல மூக்கு, மூன்று அதிகாரத்துக்கு ஒரு தடவை காயம்பட்டுப் படுத்துவிடுவான்.

"இவரு எப்பதான் எந்திரிப்பாரு?" என்று இராமாயி கேட்பாள்.

"எங்க வீட்டு இளவரசரும் அப்படித்தான், படுத்தா எந்திரிக்க மாட்டாரு" என்பாய் நீ. உன் புருசன் அப்போது உயிரோடு இருந்தார், வேலியோரம் நின்று அவரும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். யானைப்பாகன் மகளின் கழுத்தில் கத்தி இருக்கும்போது பக்கத்தை மடித்துவைத்து, "மிச்சம் வர்ற ஞாயித்துக்கெழம" என்று எழுந்துவிடுவாய். உன்மேல் எனக்கு எத்தனையோ கோபம், அதில் பாதி இதற்குத்தான்.

அந்த மழைக்கு முந்திய ஞாயிறு வாசித்தது கோட்டை முற்றுகை. கிணற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குகிறது. கலங்கிய தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்து யானைப்பாகன் மகள் சொல்கிறாள், எதிரிகள் அடியில் சுரங்கம் வெட்டுகிறார்கள், மதில் விழப்போகிறது என்று. மந்திரிகள் சிரிக்கிறார்கள். சனம் நகர மறுக்கிறது. அவள் முதலில் சினையாய் இருந்த பெண் யானையை அவிழ்த்து வெளியே நடத்துகிறாள். மற்ற யானைகள் பின்னால் போகின்றன, யானைகளின் பின்னால் பாகர்கள், பாகர்களின் பின்னால் ஊர். அதோடு பக்கத்தை மடித்துவிட்டாய்.

நாலாம் நாள் மழை. மழை கொஞ்சம் விட்டிருந்த பகலில் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனோம். மலை ஊற்றிலிருந்து வருகிற தண்ணீர், எந்த மழைக்கும் கலங்கினதில்லை. என் மாமியார் காலத்திலும் கலங்கவில்லை. அன்றைக்கு அரைத்த மிளகாய் மாதிரி வந்தது. நீ கையில் அள்ளினாய், மூக்குக்கிட்டே கொண்டுபோனாய், குடத்தைக் கவிழ்த்தாய்.

"அக்கா, அடியில வெட்டுறானுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. உன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

வேலு குடையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தான். "கதப் பொஸ்தகத்தக் கேட்டா மல எறங்குது?"

"மலைக்கு வாசிக்கத் தெரியாது கங்காணி அண்ணே. எனக்குத் தெரியும்."

செல்வராசு போனை எடுத்து நீட்டினான். "சித்தி, இங்க பாருங்க. மண்சரிவு எச்சரிக்கையில நம்ம பக்கம் மஞ்சள்தான் போட்டிருக்கான். செவப்பு வந்தா நானே எல்லாரையும் எழுப்பிக் கூட்டிட்டுப் போறேன்."

"அது எப்ப போட்டது தம்பி?"

"காலையில."

"தண்ணி இப்பக் கலங்கியிருக்கு."

அவன் போனைப் பைக்குள் போட்டான். கூச்சப்பட்டான். படித்த பையன், தொழிற்சாலையில் பத்துப் பேருக்கு மேற்பார்வை, துவைக்கிற கல்லில் வைத்து வாசித்த கதைக்குப் பயந்து மூட்டை கட்டினான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது.

நீ யாரிடமும் வாதாடவில்லை. சாந்தியின் கையைப் பிடித்தாய். "வா புள்ள, ஸ்கூலுக்குப் போவோம்." இராமாயி, "எங்க கூட்டிட்டுப் போற எம் மருமகள?" என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தாள். பேரப்பிள்ளை வயிற்றோடு போகிறதே, அவள் நிற்பாளா? இராமாயி போகிறதைப் பார்த்து அவள் கொழுந்தன் வீடு கிளம்பியது. அதைப் பார்த்து அடுத்த காம்பரா. லயமே கிளம்பிவிட்டது, சிரித்த வேலுவும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு. மழை மறுபடி பிடித்தது. பாதி வழியில்தான் சாந்திக்கு விளங்கியது. "அப்ப நான்தான் அந்த யானையா சித்தி?" என்றாள். "பட்டத்து யானை" என்றாய். நான் அன்றைக்குக் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான்.

பள்ளிக்கூடம் ஓடைக்கு அந்தப் பக்கம், எதிர் மேட்டில். வாசற்படியில் நின்றால் எங்கள் லயம் நேராகத் தெரியும். நீ தலைகளை எண்ணினாய். நானும் எண்ணினேன். செல்வராசு இல்லை. "போங்கம்மா, பின்னால வர்றேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டவன் வரவில்லை.

நான் படியிறங்கினேன். நீ என் தோளைப் பிடித்து உட்காரவைத்தாய்.

"ஒனக்கு முட்டி வலி. எறங்குனா ஏற மாட்ட. நான் போயி இழுத்துட்டு வர்றேன்."

"நீ பயப்படுறியே புள்ள."

"பயந்தவதான் சீக்கிரம் வருவா."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதையும் விடாமல் எழுதுகிறேன். உன்னைப் போகவிட்டேன். உள்ளே என் பிள்ளை இருக்கிறான் என்று நினைத்தேன், உன்னைப் போகவிட்டேன்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையைத் தாண்டினாய். எங்கள் கதவுக்குப் போனாய். தட்டினாய். சத்தம் எனக்குக் கேட்கவில்லை, கை மட்டும் போய்ப் போய் வந்தது. முன்கதவைத் தட்டினாய், சன்னலுக்குப் போனாய், திரும்பவும் கதவுக்கு வந்தாய்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் "அம்மா" என்று கூப்பிட்டான்.

யார் கண்ணிலும் படக்கூடாது என்று பின்சன்னல் வழியாக இறங்கி, தேயிலைக்குள்ளே ஏறி, மேல் ரோட்டு வளைவுக்குப் போயிருக்கிறான். அங்கேதான் போனுக்கு லைன் கிடைக்கும். புதிதாகப் பார்த்துவிட்டுச் சுற்றி வந்து என்னிடம் போனைக் காட்டுகிறான், சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட. "பாருங்க, இப்பவும் மஞ்சள்தான்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவனைக் கட்டிப்பிடித்தேன். ஈரத் தலையை மாரோடு அணைத்தேன். என் வயிறு குளிர்ந்தது. அந்த நேரம் நீ என் நினைவில் இல்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு மூச்சா, பத்து மூச்சா. பிறகு திரும்பி, உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவன் கத்தினான், பள்ளிக்கூடமே கத்தியது. கூப்பிடு தூரம்தான். மழை எங்கள் குரலைத் தின்றது. நீ மறுபடி கையை ஓங்கினாய், கதவைத் தட்ட.

மலை இறங்கினது சத்தமாக இல்லை. முதலில் தேயிலைச் செடிகள் நின்றபடியே நடந்தன. பிறகுதான் சத்தம்.

மூன்றாம் நாள் உன்னை எடுத்தார்கள். உன் வலது கை, கதவைத் தட்டுகிற வாக்கில், மடங்கியிருந்ததை நான் பார்த்தேன். யாரும் மூடுவதற்கு முன்னால் பார்த்தேன்.

சாந்திக்குப் பெண் பிள்ளை. வரும்போதெல்லாம் கேட்கிறாள், "அந்த இளவரசன் கட்டிக்கிட்டானா இல்லையா, சித்தி உங்ககிட்டச் சொல்லலியா?" என்று. நீ சொல்லவில்லை. புத்தகம் உன் காம்பராவோடு போய்விட்டது. டவுனுக்குப் போனால் வேறு ஒன்று கிடைக்கலாம் என்கிறாள் அவள். எனக்கு வேண்டாம்.

உன்னிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது பயம்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் பின்னால் சன்னல் இருக்கிறதா என்று பார்க்கிறேன். யாராவது கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர்களின் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான் போய்த் திறக்கிறேன். வந்தவர்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். நான் வயதானவள் என்பதால் வந்த பயம் என்று டாக்டர் சொல்கிறார். அவருக்கு என்ன தெரியும்?

சிரித்ததற்காக வேலுவோடு ஒரு வருசம் பேசாமல் இருந்தேன். உன் முதல் வருசத் திவசத்துச் சமையலுக்கு அவன் தூக்கிய விறகைப் பார்த்து விட்டுவிட்டேன். மஞ்சள் போட்டவனை நான் கண்டதில்லை, காணாதவனோடு எனக்குச் சண்டை இல்லை. என்னைப் பற்றி நான் முடிவு செய்ய முடியாது, அது உன் வேலை.

என் பிள்ளை ஒரு நாள் என் காலடியில் உட்கார்ந்து, "நான் வேணும்னு செய்யலம்மா" என்றான். "தெரியும்" என்றேன். தலையைத் தடவினேன். அவனுக்குச் சோறு போடுகிறேன், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்கிறேன். அவன் உயிரோடு இருப்பதற்காகச் சாமிக்கு விளக்கும் போடுகிறேன். ஆனால் "மேல ரோட்டுக்குப் போறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் போதும், உள்ளே தாழ் போட்ட அந்த வெறும் வீட்டுக் கதவில் நீ நின்றிருக்க மாட்டாய். அதனால் நான் சாகும்வரைக்கும் மன்னிக்காத ஒருவன் இருக்கிறான். பெயர் செல்வராசு. என் மகன்.