கரையேறியவர்கள் விட்ட தண்ணீர்

அக்கா,

பக்கத்து வீட்டில் போகிக்கு வெள்ளையடிக்கக் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையில் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் ஊற்றியதும் அது புஸ்ஸென்று கொதித்தது. அந்தச் சூட்டு வாசனை வேலி தாண்டி இங்கே வந்தது. எனக்கு வீட்டுச் சுவர் நினைப்பு வரவில்லை. நீ மணலில் குனிந்து கோடு போட்டதுதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஓட்டை போட்ட கொட்டாங்குச்சியில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, கோலம் இழுக்கிற மாதிரி பின்னாலேயே நடந்து போனாய்.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. நீ இருந்தவரை உனக்கு ஒரு கடிதாசி எழுத வேண்டி வந்ததில்லை. நாலு வீடு தள்ளித்தானே இருந்தாய். ஒரு குரல் கொடுத்தால் போதும். இப்போது எவ்வளவு கத்தினாலும் கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் முள்ளுக்காட்டை வெட்டிக் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த நேரம். நீயும் நானும் மீன் கூடையோடு பஸ் ஏறிப் புதுவாயல் கூட்டு ரோட்டில் போய் உட்காருவோம். ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் வாங்கிப் போவார்கள். நான் விற்றது என் வீட்டுக்காரர் பிடித்த மீன். நீ விற்றது கரையில் மற்றவர்களிடம் வாங்கிய மீன். நம் குப்பத்து ஏரியில் மீன் விழுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். யார், எந்த நாள், எங்கே வலை போடுவது என்று ஊரில் சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். ஆம்பளை இருக்கிற வீட்டுக்குத்தான் பாடு. உன் வீட்டுக்காரர் புயலில் போன அன்றைக்கே உன் வீட்டுப் பாடும் போய்விட்டது. மிச்சம் இருந்தது நீயும் இரண்டு பெண் பிள்ளைகளும்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பொட்டலில் கம்பெனி ஆட்கள் சாயந்திரம் சடுகுடு ஆடுவார்கள். அவர்கள் அதைக் கபடி என்பார்கள். நீ விற்பதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாய். ஒருநாள் மடவை மீன் வாங்க வந்த கம்பெனி ஆபீசரிடம் கேட்டே விட்டாய்.

“இன்னா சார், வேலை செய்றவங்க ஆடறாங்களா, ஆடறவங்களுக்கு வேலை குடுத்துக்கீறீங்களா?”

அவர் சிரித்துவிட்டார். “ரெண்டும்தாம்மா. மத்த கம்பெனியோட மேட்ச் இருக்கு. நல்லா ஆடறவன் கெடைச்சா எடுத்துக்குவோம்.”

திரும்பி வரும்போது கண்டக்டர், “கூடையை அப்பால தள்ளும்மா, பஸ்ஸே நாறுது” என்றான். மற்ற நாளாக இருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாய். அன்றைக்கு அவன் சொன்னதே உன் காதில் விழவில்லை.

வலை காய்கிற நேரத்தில் நம் குப்பத்து ஆண்கள் சடுகுடு ஆடுவது வழக்கம்தான். காலால் கீறினால் அதுதான் கோடு. யார் அவுட் என்று ஆட்டத்தைவிடச் சண்டைதான் அதிகம் நடக்கும். நீ சூளைக்குப் போய்ச் சுண்ணாம்பு வாங்கி வந்து கம்பெனிக்காரன் மாதிரி கோடு போட்டாய். உப்புத் தண்ணீரில் வெடித்த பாதத்தில் அது பட்டதும் எல்லாரும் துள்ளினார்கள்.

“எரியுதுக்கா!”

“எரியட்டும். அப்பத்தான் கோட்டை மிதிக்க மாட்டே.”

“தாலி இல்லாதவளுக்கு ஆம்பளைங்க ஆட்டத்துல இன்னா வேலை?” என்று உன் காதுபடவே பேசினார்கள். “வேற வேலை கீதா? இருந்தா குடு, செய்றேன்” என்று சொல்லிவிட்டு நீ அடுத்த கோட்டைப் போட்டாய்.

ஆரம்பாக்கத்து ஆட்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், ஆபீசர் வந்து பார்ப்பார் என்று ஏற்பாடாயிற்று. ஏழு பேர்தான் ஆடலாம். நம்மிடம் அதற்கு இரண்டு மடங்கு ஆள். ஊர்த் தலைவர் சீட்டுக் குலுக்கச் சொல்லிவிட்டார்.

“ஆட்டத்துக்குமா சீட்டு?” என்று தலையில் அடித்துக்கொண்டாய்.

“தண்ணியில எல்லாருக்கும் ஒரே முறை. மணல்ல மட்டும் இன்னா?” என்றார் அவர்.

விலாங்கு மாதிரி நழுவுகிற மாணிக்கத்துக்குச் சீட்டு விழவில்லை. நட்ட கல் மாதிரி நிற்கிற என் வீட்டுக்காரருக்கு விழுந்தது.

தோற்றோம். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களில் பெரிய ஆட்டக்காரன் ஒருவனை என் வீட்டுக்காரர் கணுக்காலில் பிடித்தாரே, அது நினைவிருக்கிறதா? விசில் ஊதினார்கள். விடவில்லை. மறுபடியும் ஊதினார்கள். “உடு நைனா, கால் பூடும்!” என்று அவன் அலறுகிறான். இவர் பிடித்தபடியே நம் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். வலை இழுக்கும்போது நம்ம ஆள் சொல்லாமல் கயிற்றை விடக் கூடாது, அதே பழக்கம். நீ எழுந்து நின்று, “உட்டுடு தம்பி!” என்று கத்திய பிறகுதான் விட்டார். ஆபீசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

போகும்போது அவர் நம்மில் மூன்று பேரைக் கம்பெனிக்கு வரச் சொன்னார். “ஓடறவன் எங்ககிட்ட நிறைய பேர் இருக்கான். புடிக்கிறவன்தான் இல்ல” என்றார். அந்த மூவரில் என் வீட்டுக்காரரும் ஒருவர்.

வருகிற வழியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். “உனக்கு இதுல இன்னாக்கா கெடைச்சுது?”

“ஆம்பளை கரையேறினா தண்ணி காலியாவும்டி. அதைக் கேக்கப் போறேன்” என்றாய். விளையாட்டுப் பைத்தியம் என்று ஊரே உன்னை நினைத்துக்கொண்டிருந்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அம்மன் கோயில் எதிரில் ஊர்க்கூட்டம். பெண்கள் பின்னால் நிற்பதோடு சரி. நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாய். “மூணு பேரு சம்பளத்துக்குப் போறாங்க. அவுங்க பாட்டை ஆம்பளை இல்லாத ஊட்டுக்குக் குடுங்க. கூலிக்கு ஆளு வெச்சுப் புடிச்சுக்குறோம்” என்றாய். உன்னைப் போல இன்னும் இரண்டு வீடு அப்போது ஊரில் இருந்தது.

ஒரே கூச்சல். தலைவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார்.  பாட்டைக் கொடுத்துவிட்டு, கம்பெனியும் கைவிட்டால் எங்களுக்கு நிற்க இடம் இருக்காதே என்று நினைத்தேன்.

“வேலை பூட்டா இன்னா பண்றது?” என்று என் வீட்டுக்காரர் உன்னையே கேட்டார்.

“பூட்டா வந்து கேளு. தண்ணியைத் தூக்கிக்கினு நான் எங்க ஓடப் போறேன்?”

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பிலேயே மூன்று பேரும் கொடுத்துவிட்டார்கள். ஆனால் சீட்டில் கூப்பிட்டது அவர்கள் பேரைத்தான். என் வீட்டுக்காரர் பேரைச் சொன்னால் நீ எழுந்து போய் எடுப்பாய்.

அடுத்த வருஷம் மாணிக்கமும் கம்பெனிக்குப் போனான். அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர். ஒருவர் போகப் போக ஏரியில் மற்றவர்களுக்கு முறை சீக்கிரம் வந்தது. உன் பெண்கள் பொன்னேரிக்குப் படிக்கப் போனார்கள். நான் வீட்டுக்கு ஓடு போட்டேன்.

பிறகு கம்பெனியில் தகராறு வந்தது. கதவைச் சாத்திவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வெறும் சோற்று டப்பாவோடு வந்து உட்கார்ந்த அன்றைக்கே நீ வந்தாய். யாரும் உன்னைக் கூப்பிடவில்லை.

“தம்பி, அடுத்த முறையிலேர்ந்து உன் பாட்டை நீ எடுத்துக்கோ” என்றாய். உன் பெரியவளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாய். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டாய்.

இவர் சோற்றில் கை வைக்கவில்லை. கூட்டத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“அக்கா ஊட்டுக்குத் தனியா ஒரு பாடு வைங்க. அந்த ரெண்டு ஊட்டுக்கும்தான். இல்லன்னா என்னுது எனக்கு வேணாம்” என்றார்.

“பொம்பளை பேருல பாடா? எவன் வலை போடுவான்?”

“நான் போடறேன், கூலிக்கு. நான் ஒண்ணும் பெரிய ஆட்டக்காரன் இல்ல. இத்தினி நாளு சம்பளம் வாங்கித் துன்னேன்னா, அக்கா போட்ட கோட்டுல நின்னு துன்னேன். நீங்களுந்தான். நாங்க உட்ட தண்ணியிலதான் ஒங்களுக்கு முறை கூட வந்துது. வந்துதா இல்லியா?”

“வந்துது” என்று தலைவரே ஒத்துக்கொண்டார்.  அடுத்த சீட்டில் உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்.  நான்தான் முதுகில் தட்டி முன்னால் தள்ளிவிட்டேன்.

அக்கா, இந்த ஐப்பசியில் என் வீட்டுக்காரரும் போய்விட்டார். அடைமழையில் வந்த காய்ச்சல் இறங்கவே இல்லை. எனக்கும் பெண் ஒருத்திதான், உனக்குத் தெரியும். காரியம் முடிந்து வந்த சீட்டு நாளில் நான் போகவில்லை. ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். போய்ப் பின்னால் நின்றேன்.

என் பேரைக் கூப்பிட்டார்கள். இன்னார் சம்சாரம் என்று சொல்லவில்லை. கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவன் பீடி பற்ற வைத்தான். ஒருவன் பக்கத்து ஆளோடு இறால் விலை பேசிக்கொண்டிருந்தான். நீ முன்னால் போன அன்றைக்கு எழுந்த கூச்சலில் ஒரு துளிகூட இல்லை. நான் நடந்து போய்ச் சீட்டை எடுத்தேன். அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள்.

வியாழக்கிழமை என் முறை. கூலிக்கு ஆள் சொல்லிவிட்டேன். அதற்குள் வலையில் கிழிந்ததைத் தைத்து முடிக்க வேண்டும்.